ஒரே படம், இரண்டு முடிவு
படம் தோற்கவில்லை. பெங்களூரு அல்சூரில் 'பௌலிங் ஃபார் கொலம்பைன்' (அமெரிக்காவின் கொலம்பைன் பள்ளியில் 1999-ல் நடந்த துப்பாக்கிச் சூட்டை வைத்து அந்நாட்டுத் துப்பாக்கி மோகத்தைக் கேள்வி கேட்கும் ஆவணப்படம்) திரையிட்டபோது பாதிப் பேர் கலங்கிப்போக, மீதிப் பேர் "வெறும் பிரச்சாரம்" என்றது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். அவரவர் ஏற்கெனவே நம்புவதை வைத்துத்தான் பார்க்கிறார்கள்.

என் கணிப்பு, படத்தொகுப்புதான் காரணம். பள்ளிப் பிள்ளைகளின் அழுகை, சட்டென்று நடிகரும் அமெரிக்கத் துப்பாக்கி உரிமைச் சங்கத்தின் அன்றைய தலைவருமான சார்ல்டன் ஹெஸ்டன் துப்பாக்கியைத் தலைக்கு மேலே தூக்குகிறார். பார்ப்பவருக்கு அது கொலைகள் நடந்த சில நாளில் அச்சங்கம் பக்கத்து டென்வர் நகரில் நடத்திய 1999 கூட்டம் என்று தோன்றும். அது அந்தக் கூட்டமே அல்ல, ஓராண்டு கழித்து சார்லட் நகரில் எடுத்தது. அதைத் தெரிந்தவருக்கு மற்ற காட்சிகளிலும் சந்தேகம் வந்துவிடும், பள்ளியில் அன்று 13 பேர் கொல்லப்பட்டது உண்மையாக இருந்தும்கூட.

அடுத்த முறை படத்துக்கு முன்னும் பின்னும் ஆளுக்கு ஒரு வரி எழுதி வாங்குங்கள். அப்புறம் அந்தக் காட்சியை மட்டும் சத்தமில்லாமல் போட்டுப் பாருங்கள்.

ஆனால் ஒன்று, நம் நாட்டில் பொதுவாக உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைக்க முடியாது, அதனால் பெங்களூரு அரங்கை வைத்து அமெரிக்கப் பார்வையாளரை எடைபோடாதீர்கள்.