4கே டிவி இல்லாவிட்டால் பிளேஸ்டேஷன் வீணா?

கேள்வி: ஹட்டன் பக்கம் தோட்டத்தில் இருக்கிறோம். கொழும்பில் வேலை செய்யும் மாமா தம்பிக்கு பிளேஸ்டேஷன் 5 வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். வீட்டில் இருப்பது 32 அங்குல ஃபுல் எச்டி டிவி. கடையில் கேட்டால், "4கே இல்லாமல் அது வீண், 55 அங்குலம் எடுங்கள்" என்கிறார்கள். தவணைக்கு எடுக்கலாமா? கேமில் குவாலிட்டி, பெர்போமன்ஸ் என்று இரண்டு மோட் வருமாமே, எதைப் போடுவது?

பதில்: தவணைக்கு இப்போது போகவேண்டாம். கடைக்காரருக்கு டிவி விற்க வேண்டும், அவ்வளவுதான்.

4கே என்றால் 3840க்கு 2160, அதாவது 80 லட்சத்துக்கும் மேற்பட்ட புள்ளிகள். ஃபுல் எச்டியில் அதில் கால்வாசிதான். ஆனால் 32 அங்குலத் திரையில், நாலடி தள்ளி உட்கார்ந்தாலே சாதாரணக் கண்ணுக்கு ஃபுல் எச்டியின் புள்ளிகள் தனித்தனியாகத் தெரியாது. 55 அங்குலத்தில் அந்த எல்லை ஏழடி. லயத்துக் காம்பராவில் கட்டிலில் சாய்ந்து ஆறடியில் விளையாடும் தம்பிக்கு இருக்கிற டிவி போதும். அதோடு, 4கே அளவில் வரைந்த படத்தை பிஎஸ்5 சுருக்கித்தான் ஃபுல் எச்டி டிவிக்கு அனுப்பும். கம்பி, இலை ஓரங்களெல்லாம் பிசிறில்லாமல் வரும். மெஷினின் பலம் எங்கேயும் போய்விடாது.

அழகு புள்ளிக் கணக்கில் மட்டும் இல்லை. 2013இல் மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் ஒன் கேம் மெஷினோடு வந்த ‘ரைஸ்’ என்ற கேம் வெறும் 1600க்கு 900இல்தான் ஓடியது. ஆனாலும் முகமும் வெளிச்சமும் அப்படி ஒரு நேர்த்தி!

சரி, மோட். விநாடிக்கு 60 படம் வேண்டுமென்றால் ஒவ்வொன்றையும் சுமார் 16.7 மில்லிவிநாடிக்குள் வரைந்து முடிக்கவேண்டும். 30 என்றால் அதைப்போல் இரண்டு மடங்கு நேரம் கிடைக்கும். பெரும்பாலான கேம்களில் குவாலிட்டி மோட் அந்த நேரத்தைக் கூடுதல் புள்ளிக்கும் நிழலுக்கும் செலவழிக்கிறது. பெர்போமன்ஸ் மோட் அவற்றைக் குறைத்து 60ஐப் பிடிக்கிறது. தம்பியையே பார்க்கச் சொல்லுங்கள்: ஒரு முள்வேலிப் பக்கம் நின்று கமராவை வேகமாக இடம் வலம் திருப்பட்டும். 30இல் வேலி விட்டுவிட்டு நகரும், 60இல் வழுக்கிக்கொண்டு போகும். பிறகு தேங்கிய தண்ணீருக்குப் பக்கத்தில் நிற்கட்டும். பிரதிபலிப்பு குவாலிட்டியில்தான் நன்றாக இருக்கும். சண்டை, பந்து, கார் கேமுக்கெல்லாம் நான் யோசிக்காமல் பெர்போமன்ஸ்தான் போடுவேன். சிறிய திரையில் புள்ளி குறைவதும் பெரிதாகத் தெரியாது. கதை கேமுக்கு அவர் இஷ்டம்.

அப்புறம், உங்கள் டிவி உண்மையிலேயே ஃபுல் எச்டியா? 32 அங்குலத்தில் பல 1366க்கு 768தான். பின்னால் உள்ள மாடல் இலக்கத்தை இணையத்தில் தேடிப் பாருங்கள். டிவி செட்டிங்கில் ‘கேம் மோட்’ இருந்தால் போட்டுவிடுங்கள், பட்டன் அழுத்தியதற்கும் திரையில் அசைவதற்கும் உள்ள தாமதம் குறையும்.

மாமாவிடம் மட்டும் டிஸ்க் போடும் மாடலாகக் கேளுங்கள். ஒரு கேமே 50, 100 ஜிபி வரும்போது எல்லாவற்றையும் டேட்டாவில் இறக்கிக் கட்டுப்படியாகாது. விளையாடி முடித்த டிஸ்க்கை விற்கவும் மாற்றிக்கொள்ளவும் முடியும்.