கேள்வி – பதில்: வைன்பெர்கின் வயலின் சொனாட்டாக்கள்

கேள்வி: ஜெர்மானிய வயலின் கலைஞர் லினஸ் ரோத்தும் பியானோ கலைஞர் ஹோசே கயார்டோவும் சேர்ந்து வாசித்த வைன்பெர்க் தொகுப்பை அண்மையில் கேட்டேன். இத்தனை செறிவான இசையை எழுதியவரின் பெயரை அதுவரை நான் கேள்விப்பட்டதே இல்லை. யார் இவர்?
– வாசகர், கும்பகோணம்

பதில்: மெச்சிஸ்வாவ் வைன்பெர்க் 1919இல் வார்சாவில் பிறந்த யூதர். தந்தை இத்திய மொழி (கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் மொழி) நாடகக் குழுக்களில் வயலின் வாசித்தவர். இசை நடத்துநராகவும் இருந்தவர். 1939இல் ஹிட்லரின் படைகள் போலந்துக்குள் நுழைந்தபோது, வார்சா இசைக் கல்லூரியில் பியானோ பயின்றிருந்த இந்த இளைஞர் தனியாகக் கிழக்கு நோக்கித் தப்பி மின்ஸ்க் நகரை அடைந்தார். போர் அங்கும் வந்து சேர, 1941இல் தாஷ்கண்டுக்குப் போனார். பெற்றோரும் தங்கையும் யூத இனஅழிப்பில் கொல்லப்பட்டனர். தாஷ்கண்டிலிருந்து அவர் அனுப்பிய முதல் சிம்பனியைப் பார்த்த புகழ்பெற்ற சோவியத் இசையமைப்பாளர் ஷோஸ்டகோவிச் அவரை மாஸ்கோவுக்கு வரவழைத்தார். 1943 முதல் 1996இல் இறக்கும்வரை அதுவே அவருடைய ஊர். நீங்கள் கேட்ட தொகுப்பு 2013இல் வெளிவந்தது. வயலினுக்கும் பியானோவுக்கும் அவர் எழுதிய ஆறு சொனாட்டாக்களும் (பல பகுதிகள் கொண்ட கருவியிசைப் படைப்புகள்) அதில் உள்ளன.

கேள்வி: சோவியத் அரசு தடை செய்ததால்தான் இவர் மறக்கப்பட்டாரா?
– வாசகி, திருநெல்வேலி

பதில்: அப்படிச் சொல்லிவிட்டால் கதை எளிதாக முடிந்துவிடும், உண்மை அவ்வளவு நேரானதல்ல. அவர் துன்புறுத்தப்பட்டார் என்பதில் ஐயமில்லை. அவருடைய மாமனாரான புகழ்பெற்ற நாடகக் கலைஞர் சாலமோன் மிகோயெல்ஸ் 1948இல் ஸ்டாலின் ஆணைப்படி கொல்லப்பட்டார். 1953 பிப்ரவரியில், அவருடைய ‘மோல்டாவிய ராப்சோடி’ என்ற படைப்பை வயலின் மேதை தாவீத் ஒய்ஸ்ட்ராக் மாஸ்கோவில் வாசித்த அதே இரவில், வைன்பெர்க் கைது செய்யப்பட்டார். ஷோஸ்டகோவிச் தமக்கு வரக்கூடிய ஆபத்தையும் பொருட்படுத்தாமல், சோவியத் தலைவர்களுள் ஒருவரான பெரியாவுக்குக் கடிதம் எழுதினார். ஆயினும் மார்ச் மாதம் ஸ்டாலின் இறந்திராவிட்டால் ஏப்ரலில் விடுதலை கிடைத்திருக்குமா என்பது சந்தேகமே.

ஆனால் அதன் பிறகு நாற்பதாண்டுகளுக்கு மேல் அவர் எழுதிக்கொண்டேயிருந்தார் என்பதையும், ஒய்ஸ்ட்ராக், லியோனித் கோகன், ரோஸ்ட்ரோபோவிச் போன்ற முதல்வரிசைக் கலைஞர்கள் அவர் இசையை வாசித்தார்கள் என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். ‘நாரைகள் பறக்கின்றன’ என்ற புகழ்பெற்ற 1957ஆம் ஆண்டுச் சோவியத் போர்த் திரைப்படத்துக்கு இசையமைத்தவரும் இவரே. உள்நாட்டில் அறியப்பட்டவர் வெளிநாட்டில் அறியப்படாமல் போனதற்குக் காரணங்கள் வேறு. போலந்து அவரை நாட்டைவிட்டுப் போனவராகக் கருதியது. ரஷ்யாவிலோ அவர் வந்தேறியாகவே இருந்தார். போருக்குப் பிந்தைய மேற்கு ஐரோப்பாவில் மெட்டும் சுருதி மையமும் கொண்ட இசை பழைமை என்று ஒதுக்கப்பட்டது. அவரோ தம்மைத் தாமே முன்னிறுத்திக்கொள்ளும் இயல்பில்லாதவர். தடை செய்யப்பட்ட கலைஞர்களை உலகம் தேடிக் கண்டுபிடிக்கிறது. எந்த நாட்டுக் கணக்கிலும் சேராதவர்களுக்கு அந்த வாய்ப்பும் கிடைப்பதில்லை.

1968இல் எழுதி முடித்த ‘பயணி’ ஓபரா (இசை நாடகம்) முதன்முதலாக மேடையில் நடிக்கப்பட்டது 2010இல், ஆஸ்திரியாவின் பிரெகென்ஸ் விழாவில்தான். ஓபராவுக்குப் பெரும்பணமும் நூற்றுக்கணக்கானோரின் உழைப்பும் தேவை. சொனாட்டாவுக்கு இரண்டு பேர் மனம் வைத்தால் போதும். ஆகவே மறக்கப்பட்ட இசையமைப்பாளர்கள் பலரும் இத்தகைய இணைகளின் வழியாகவே திரும்பி வருகிறார்கள். எனினும் மனம் வைப்பதும் சிறிய காரியமன்று. பீத்தோவன், பிராம்ஸ், ஃபிராங்க் என்று நிகழ்ச்சி நிரலில் எழுதினால் அரங்கு நிறையும் என்று தெரிந்திருந்தும், ஒருவரும் கேட்டிராத ஆறு சொனாட்டாக்களை மாதக்கணக்கில் பயில வேண்டும்.

கேள்வி: தொகுப்பின் அட்டையில் இருவர் பெயரும் சமமாக அச்சாகியுள்ளது. பியானோ இங்கே பக்கவாத்தியம்தானே?
– வாசகர், திருச்சி

பதில்: இல்லை. நம் கச்சேரியில் பக்கவாத்தியக்காரர் பாடகரின் கற்பனையைப் பின்தொடர்ந்து, தமக்கு இடம் கிடைக்கும்போது பதில் சொல்கிறார். சொனாட்டாவில் இரு பகுதிகளும் முன்கூட்டியே முழுமையாக எழுதப்பட்டவை. பியானோவின் சுமை பெரும்பாலும் வயலினுடையதைவிடக் கூடுதலாகவே இருக்கும். வைன்பெர்க் தாமே தேர்ந்த பியானோ கலைஞர்: 1967இல், கவிஞர் பிளோக்கின் வரிகளுக்கு ஷோஸ்டகோவிச் இசையமைத்த பாடல்கள் மாஸ்கோவில் அரங்கேறியபோது, ஒய்ஸ்ட்ராக், ரோஸ்ட்ரோபோவிச், பாடகி விஷ்னெவ்ஸ்காயா ஆகியோருடன் அமர்ந்து வாசித்தவர் அவரே. அவருடைய பியானோ எழுத்தில் பல இடங்களில் இரு கைகளும் ஒற்றை ஒற்றைச் சுரமாக வெகுதூரம் விலகி நிற்க, வயலின் அந்த இடைவெளியில் தனித்துச் செல்கிறது. மறைந்துகொள்ள ஒரே நேரத்தில் ஒலிக்கும் சுரங்களின் திரள் ஏதும் இல்லாததால், ஒருவர் சற்றே அழுத்திவிட்டாலும் மற்றவரின் வரி சாய்ந்துவிடும். கயார்டோ இவ்விடங்களில் காட்டும் அடக்கத்தைத்தான் இந்தத் தொகுப்பின் தலையாய சிறப்பாக நான் கருதுகிறேன். ரோத்தின் 1703ஆம் ஆண்டு ஸ்ட்ராடிவாரி வயலினைப் பற்றி எழுதுவோர் மிகப் பலர். பியானோவைப் பற்றி எழுதுவோர் சிலரே.

கேள்வி: வைன்பெர்க் ஒரு ‘சின்ன ஷோஸ்டகோவிச்’ என்கிறார் என் நண்பர். சரியா?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: சாயல் இருக்கிறது, அதை வைன்பெர்கே மறைத்ததில்லை. ஷோஸ்டகோவிச்சிடம் பாடம் கேட்காதபோதும் தம்மை அவருடைய மாணவர் என்றே சொல்லிக்கொண்டார். ஆனால் கொடுக்கல் வாங்கல் இருபக்கமும் நடந்தது. யூதப் பாடல்களை வைன்பெர்க் இசையமைத்தது 1943இல். ஷோஸ்டகோவிச்சின் யூத நாட்டுப்பாடல் வரிசை வந்தது 1948இல். 1964இல் தமது பத்தாவது சரநால்வர் இசையை (இரு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோவுக்கான படைப்பு) வைன்பெர்குக்கு அர்ப்பணித்த ஷோஸ்டகோவிச், ஒன்பது எழுதியிருந்த நண்பரை முந்திவிட்டதாக ஒரு கடிதத்தில் விளையாட்டாகப் பெருமைப்பட்டுக்கொண்டார். (கடைசியில் வென்றவர் வைன்பெர்க்: பதினேழுக்குப் பதினைந்து.)

கேள்வி: ஆறில் எதிலிருந்து தொடங்கலாம்?
– வாசகர், மதுரை

பதில்: ஐந்தாவதிலிருந்து. சிறையிலிருந்து வெளிவந்த 1953இலேயே எழுதி ஷோஸ்டகோவிச்சுக்கு அர்ப்பணித்தது. அந்தச் செய்தி தெரியாமல் கேட்டாலும் நிற்கக்கூடிய படைப்பு. முதல் சொனாட்டாவில் இருபத்துமூன்று வயது இளைஞரின் தடுமாற்றங்கள் கேட்கின்றன. முழுத் தொகுப்பு என்றால் அதையும் வாசித்தாக வேண்டும், ஆனால் நீங்கள் அதைப் பிறகு கேட்கலாம். 1949ஆம் ஆண்டுச் சொனாட்டினா (சிறு சொனாட்டா) எளிமையானது. அதைக் கிடான் கிரெமரும் டானில் டிரிஃபோனோவும் வாசித்த பதிவு 2014இல் வந்திருக்கிறது, ரோத்–கயார்டோ வாசிப்போடு ஒப்பிட்டுக் கேட்க ஏற்றது. தாயின் நினைவாக 1982இல் எழுதிய ஆறாவது சொனாட்டா இறுக்கமானது, முதல் தடவையில் பிடிகொடுக்காது. மற்றவை பழகிய பின் அதற்கு வாருங்கள்.