மறைமாவட்டத் தீர்ப்பு கையில் இருக்கிறது, மறுமணம் செய்யலாமா?

கேள்வி: ஏழு வருடங்களுக்கு முன் எங்கள் பங்குக் கோவிலில் எனக்குத் திருமணம் நடந்தது. மூன்று வருடமாகப் பிரிந்து வாழ்கிறோம். அந்தத் திருமணம் செல்லாது என்று மறைமாவட்டத் தீர்ப்பாயம் தீர்ப்புக் கொடுத்துவிட்டது. வீட்டில் வரன் பார்த்துவிட்டார்கள். ஃபாதர் நடத்தி வைத்த கல்யாணத்தைச் சபையே ரத்து செய்த பிறகும் கோர்ட்டுக்குப் போக வேண்டுமா? நோட்டரி பத்திரத்திலேயே முடித்துத் தருவதாகத் தெரிந்தவர் ஒருவர் சொல்கிறார்.

பதில்: கோர்ட்டுக்குப் போயே ஆக வேண்டும், சகோதரி. சபையைப் பொறுத்தவரை நீங்கள் விடுபட்டவர். அரசின் கணக்கில் இன்றைக்கும் அவருடைய மனைவிதான்.

ஃபாதர் அன்று நடத்தியது திருவருட்சாதனம் என்ற சபைச் சடங்கு மட்டும் அல்ல. 1872-ஆம் ஆண்டு இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டத்தின்படி, அரசும் ஏற்கும் திருமணம் அது. முடிச்சுப் போடும் அதிகாரத்தைக் குருக்களுக்குக் கொடுத்த அரசு, அவிழ்க்கும் அதிகாரத்தைக் கொடுக்கவில்லை. அது 1869-ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டத்தின்கீழ் நீதிமன்றத்துக்கு மட்டுமே உண்டு. உச்ச நீதிமன்றம் 1996-லும் இதைத்தான் சொன்னது, கிளாரன்ஸ் பயஸ் வழக்கில் 2017-லும் இதைத்தான் சொன்னது.

இப்போது அந்தத் தெரிந்தவர் விஷயம். தயவுசெய்து அவரிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். 'இருவரும் மனமொத்துப் பிரிகிறோம், இனி ஒருவர்மேல் ஒருவருக்கு உரிமை இல்லை' என்று முத்திரைத்தாளில் அடித்து, கீழே சிவப்பு முத்திரை குத்தித் தருவார்கள். கையெழுத்துப் போட்டது நீங்கள்தான் என்பதற்குத்தான் அந்த முத்திரை சாட்சி. அதனால் எந்தத் திருமணமும் முறியாது. இதை நம்பி மறுமணம் செய்தால் அந்தத் திருமணம் செல்லாது. முதல் கணவர் புகார் கொடுத்தால் பாரதிய நியாய சன்ஹிதா 82-வது பிரிவில் ஏழு வருடம்வரை சிறைத் தண்டனை கிடைக்கலாம். இரண்டாவது கணவருக்கு ஏதாவது ஆகிவிட்டால், குடும்ப ஓய்வூதியம் கேட்டுப் போகும் இடத்தில் முதல் திருமணத்தின் கோர்ட் தீர்ப்பைக் கேட்பார்கள். பத்திரம் அடித்துக் கொடுத்தவர் அன்றைக்கு போனை எடுக்க மாட்டார்.

இதே ஆட்கள் வைத்திருக்கும் இன்னொரு வழி, கணவருக்குத் தவறான முகவரி கொடுத்து, அவர் கோர்ட்டுக்கு வராமலேயே ஒருதலைப்பட்சத் தீர்ப்பு வாங்குவது. அவருக்குத் தெரியவரும் நாளில் அதை ரத்து செய்ய மனுப் போடுவார். வெற்று வக்காலத்திலோ வெற்றுத் தாளிலோ கையெழுத்துக் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

கணவர் சம்மதித்தால் விவாகரத்துச் சட்டத்தின் 10ஏ பிரிவில் இருவரும் சேர்ந்து மனுச் செய்யுங்கள். ஆறு மாதம் கழித்து, பதினெட்டு மாதத்துக்குள், இருவரும் மறுபடி வந்து சம்மதத்தை உறுதி செய்ய வேண்டும். மனுச் செய்வதற்கு முன் இரண்டு வருடம் பிரிந்திருக்க வேண்டும் என்கிறது சட்டம். உங்களுக்கு மூன்று ஆகிவிட்டது. கேரளத்தில் கதை வேறு. அங்கே உயர் நீதிமன்றம் 2010-ல் இரண்டு வருடத்தை ஒன்றாகக் குறைத்தது. 2022-ல் அந்த ஒரு வருடக் காத்திருப்பும் அரசியலமைப்புக்கு முரண் என்றது. கேரளத்து உறவினர் யாராவது 'எங்களுக்கு உடனே கிடைத்ததே' என்றால் காரணம் இதுதான். அதை வைத்து நீங்கள் இங்கே கணக்குப் போடாதீர்கள். இந்துத் திருமணச் சட்டத்தில் ஒரு வருடம் போதும். கிறிஸ்தவர்களுக்கு மட்டும் ஏன் இரண்டு என்பதற்கு நியாயமான பதிலே இல்லை. நாடாளுமன்றம் ஒரு வரியைத் திருத்தினால் போதும், செய்ய மாட்டேன் என்கிறார்கள்.

அவர் சம்மதிக்காவிட்டால் கொடுமை, இரண்டு வருடம் கைவிட்டது போன்ற காரணங்களைச் சொல்லி அதே சட்டத்தின் 10-வது பிரிவில் வழக்குப் போடலாம். 'செல்லாத் திருமணம்' என்றே கோர்ட்டிலும் கேட்காதீர்கள். மனமுதிர்ச்சி இல்லை என்பது போன்ற காரணங்களைத் தீர்ப்பாயம் ஏற்கும்; அரசின் பட்டியலில் அவை இல்லை. தீர்ப்பாயத்தில் அழுதுகொண்டே சொன்னதையெல்லாம் வாய்தா வாய்தாவாக இன்னொரு முறை சொல்ல வேண்டியிருக்கும். ஒரு பெண்ணை இப்படி இரண்டு படியேற வைப்பது கொடுமைதான். ஆனாலும் ஏறித்தான் ஆக வேண்டும்.

தீர்ப்பு வந்ததும் சான்றிட்ட நகல் வாங்குங்கள். மேல்முறையீட்டுக் காலம் முடிந்துவிட்டதா என்று வக்கீலிடம் கேளுங்கள். மாப்பிள்ளை வீட்டாரிடமும் பங்குத்தந்தையிடமும் அந்த நகலைக் காட்டிய பிறகு கோவிலில் ஓலை (திருமண அறிவிப்பு) வாசிக்கச் சொல்லுங்கள். அதுவரை மண்டபத்துக்கு முன்பணம் கட்ட வேண்டாம்.