அண்டை வீட்டாரிடம் வாங்கிய மஸில்லோடரும் ஹெச்-1பி விசாவும்

கேள்வி: பென்சில்வேனியாவில் ஹெச்-1பி விசாவில் பணிபுரிகிறேன். கிரீன் கார்டுக்கான முன்னுரிமைத் தேதி நெருங்கிவிட்டதால் ஐ-485 விண்ணப்பத்துக்குத் தயாராகி வருகிறோம். மான் வேட்டைக்குப் போகும் ஆசையில் வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சியை முடித்துவிட்டேன். உரிமம் இன்னும் வாங்கவில்லை. மஸில்லோடருக்கு (குழல்வாய் வழியே மருந்திடும் துப்பாக்கிக்கு) எந்தக் காகிதமும் தேவையில்லை என்று சொல்லி, அண்டை வீட்டுக்காரர் தம்முடைய தாம்ப்ஸன் சென்டர் என்கோர் துப்பாக்கியை, .50 அளவுக் குழலும், மருந்தைப் பற்றவைக்கும் 209 பிரைமர் ஒரு பெட்டியும் சேர்த்து, 550 டாலருக்கு விற்றார். ஆகஸ்ட் மாதத்திலிருந்து அது என் அலமாரியில் இருக்கிறது. குழலின் உட்புறம் துருவேறி அரித்துப் போயிருக்கிறது, சுட்டால் ஆபத்து என்று கடைக்காரர் சொல்லிவிட்டார். பணத்தைத் திருப்பிக் கேட்டால் அண்டை வீட்டுக்காரர் சிரிக்கிறார். குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் என் உச்சரிப்பைக் கேலி செய்கிறார். குடும்பமாகப் பழகியவர் இப்படிச் செய்ததை என் மனைவியால் தாங்க முடியவில்லை. அவர் மீது வழக்குப் போடலாமா? பணம் தராவிட்டால் துப்பாக்கித் துறைக்குப் புகார் செய்வேன் என்று எழுதி அனுப்பலாமா? வேட்டைக்கு வேறு எந்த மஸில்லோடர் வாங்குவது நல்லது?

பதில்: துருவும் கேலியும் உடைந்த நட்பும் ஒருபுறம் இருக்கட்டும். அவற்றில் எதுவும் உங்களைப் பாதுகாக்கப் போவதில்லை. நீங்கள் கேட்காமல் விட்ட கேள்வி ஒன்றுதான் இங்கே முக்கியம்: உங்கள் அலமாரியில் இருப்பது அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தின்படி துப்பாக்கியா, இல்லையா?

குழல்வாய் வழியே கரிமருந்தையும் குண்டையும் இட்டு இடித்துச் சுடும் துப்பாக்கிகளுக்குச் சட்டம் விலக்கு அளித்திருப்பது உண்மை. கரிமருந்துக்கோ அதன் மாற்றுப் பொடிக்கோ வடிவமைக்கப்பட்டு, தோட்டாவைப் பயன்படுத்த முடியாததாக உள்ள மஸில்லோடர் ‘பழங்காலத் துப்பாக்கி’ என்ற வகையில் அடங்கும். அது சட்டத்தின் பார்வையில் துப்பாக்கியே அல்ல. உங்கள் அண்டை வீட்டுக்காரர் இதுவரைதான் படித்திருக்கிறார். அடுத்த வாக்கியம் அந்த விலக்கிலிருந்து மூன்று வகைகளை வெளியே தள்ளுகிறது: வழக்கமான துப்பாக்கியின் உடற்பகுதியைக் கொண்டவை, வழக்கமான துப்பாக்கியிலிருந்து மஸில்லோடராக மாற்றப்பட்டவை, குழலையோ போல்ட்டையோ பின்அடைப்பையோ மாற்றினால் எளிதில் தோட்டா சுடக்கூடியவை. என்கோரின் முன்கட்டையில் உள்ள இரண்டு திருகுகளைக் கழற்றி, கீல் ஊசியைத் தள்ளி எடுத்தால் .50 குழல் கையோடு வந்துவிடும், அதே இடத்தில் .308 தோட்டாவுக்கான குழலை வைத்து ஊசியைத் திரும்பச் செருகினால் அது தோட்டா சுடும் ரைஃபிள். தனிக் கருவி எதுவும் தேவைப்படாத, சில நிமிட வேலை இது. ஏடிஎஃப் எனப்படும் கூட்டாட்சித் துப்பாக்கித் துறை, விலக்குக்குத் தகுதியற்ற மஸில்லோடர்களின் பட்டியலில் என்கோரைப் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. மஸில்லோடர் குழல் பொருத்திய மாஸ்பெர்க் 500, ரெமிங்டன் 870 ஷாட்கன்களும் அந்தப் பட்டியலில் உண்டு. உங்களிடம் வேறு குழல் இல்லை என்பதால் எதுவும் மாறாது. அந்த உடற்பகுதியே துப்பாக்கி.

குடியேற்ற நோக்கமற்ற விசாவில் (ஹெச்-1பியும் அவ்வகையே) அனுமதிக்கப்பட்டவர் துப்பாக்கியோ தோட்டாப்பொருளோ வைத்திருப்பது 1998 முதல் கூட்டாட்சிக் குற்றம். (மஸில்லோடர்களுக்கான மேற்சொன்ன விலக்கும் அதே ஆண்டின் அதே நிதிச் சட்டத்தில்தான் நுழைந்தது, ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் எடுத்துக்கொண்டார்கள்.) 2022இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு இதற்கான உச்சத் தண்டனை 15 ஆண்டு சிறை. உங்களுக்குப் பொருந்தக்கூடிய விதிவிலக்கு ஒன்று உண்டு: அமெரிக்காவில் முறையாக வழங்கப்பட்ட, காலாவதியாகாத வேட்டை உரிமம் கையில் இருக்க வேண்டும். பயிற்சிச் சான்றிதழ் உரிமம் ஆகாது. ஆகவே ஆகஸ்ட் முதல் இன்றுவரை உங்களுக்கு எந்தக் கவசமும் இல்லை. இன்று மாலை உரிமம் வாங்கினால் இன்று மாலையிலிருந்துதான் அது காக்கும். முன்னால் போன நாட்களுக்குப் பின்தேதியிட்டு வேலை செய்யாது. ‘காகிதம் தேவையில்லை என்று சொன்னார்கள்’ என்பதும் உதவாது. ரெஹாய்ஃப் வழக்கில் 2019இல் உச்ச நீதிமன்றம் கூறியதன் சாரம், குற்றஞ்சாட்டப்பட்டவருக்குத் தமது குடிவரவு நிலை தெரிந்திருந்தது என்பதையும் அரசு நிரூபிக்க வேண்டும் என்பதே. நீங்கள் ஹெச்-1பியில் இருப்பது உங்களுக்குத் தெரியாது என்று யாரிடம் சொல்வீர்கள்?

இனி நீங்கள் கேட்ட வழக்கு. 550 டாலர் கோரிக்கையை மாவட்ட நீதிபதியின் சிறு நீதிமன்றத்தில் தாராளமாகத் தாக்கல் செய்யலாம். அங்கே வரம்பு 12,000 டாலர். குறைபாட்டை மறைத்து விற்றார் என்பதை நிரூபித்து நீங்கள் வெல்லவும் கூடும். ஆனால் அந்த மனுவில் என்ன எழுதுவீர்கள்? ‘இன்ன தேதியில் இன்ன துப்பாக்கியை வாங்கினேன், அது இன்றும் என்னிடம் இருக்கிறது’ என்றுதான் எழுத முடியும். அரசு வழக்கறிஞர் சிரமப்பட்டு நிரூபிக்க வேண்டிய வாங்கல், வைத்திருத்தல், அறிந்திருத்தல் மூன்றையும் நீங்களே கையெழுத்திட்டு, கட்டணமும் செலுத்தி, பொது ஆவணமாக்கிக் கொடுக்கிறீர்கள். விசாரணையில் எதிர்த்தரப்பு கேட்கும் முதல் கேள்வி உங்கள் விசாவைப் பற்றியதாக இருந்தால், பதில் சொன்னாலும் ஆபத்து, மௌனம் காத்தாலும் வழக்கு போயிற்று. சிறு தொகைக்காக இப்படி வாக்குமூலம் கொடுத்துவிட்டுப் பிறகு குற்றவியல் வழக்கறிஞரைத் தேடி அலையும் கட்சிக்காரர்கள் எல்லா மாநிலங்களிலும் உண்டு. அவர்களில் பெரும்பாலோர் படித்தவர்கள், தங்கள் பக்கம் நியாயம் இருப்பதாக உறுதியாக நம்பியவர்கள்.

புகார் மிரட்டல் இதைவிட மோசம். நீங்கள் இந்த விசாவில் இருப்பது தெரிந்தோ, தெரிந்துகொள்ள நியாயமான காரணம் இருந்தோ விற்றிருந்தால் அவரும் கூட்டாட்சிச் சட்டத்தில் குற்றவாளிதான். அதை ஆயுதமாக்கலாம் என்ற எண்ணம் அங்கிருந்துதான் வருகிறது. குற்றம் சாட்டுவேன் என்று மிரட்டிப் பணம் பெறுவது பென்சில்வேனியாவில் மிரட்டிப் பறித்தல் என்ற தனிக் குற்றம். உண்மையாகவே எனக்கு வர வேண்டிய பணத்தைத்தான் கேட்டேன் என்ற தற்காப்பு சட்டத்தில் இருக்கிறது. ஆனால் அது குற்றப்பத்திரிகை தாக்கலான பிறகு நீதிமன்றத்தில் நீங்கள் எழுப்ப வேண்டிய தற்காப்பு. அந்தச் செய்தியை அனுப்பாதீர்கள். ஏற்கெனவே அனுப்பியவற்றை அழிக்கவும் வேண்டாம், அழித்தால் அது வேறொரு குற்றத்துக்கு வழி திறக்கும்.

ஆகவே சமரசம் செய்யுங்கள். சமரசம் என்பதுகூடப் பெரிய வார்த்தை, பணத்தை விட்டுவிடுங்கள் என்றே சொல்கிறேன். துப்பாக்கியை நீங்களே காரில் ஏற்றிக்கொண்டு அவர் வீட்டு வாசலில் வைப்பதோ, வேறொருவருக்கு விற்பதோ, நண்பரின் கொட்டகையில் ஒளித்து வைப்பதோ கூடாது. குற்றவியல் வழக்கறிஞர் ஒருவரை இந்த வாரமே அமர்த்தி, துப்பாக்கியும் அந்தப் பிரைமர் பெட்டியும் அவர் மூலமாக உரிமம் பெற்ற விற்பனையாளரிடம் போய்ச் சேர ஏற்பாடு செய்யுங்கள். வழக்கறிஞருக்குத் தரும் கட்டணம் 550 டாலரைத் தாண்டும். தாண்டட்டும்.

பிரைமரைத் தனியாகக் குறிப்பிடக் காரணம் உண்டு. கூட்டாட்சிச் சட்டம் தோட்டாப்பொருள் (ammunition) என்பதற்குத் தரும் விளக்கத்தில் தோட்டா மட்டுமல்ல, துப்பாக்கிக்காக வடிவமைக்கப்பட்ட பிரைமரும் அடங்கும். இன்லைன் எனப்படும், பிரைமர் குழலுக்கு நேர் பின்னால் அமைந்த நவீன மஸில்லோடர்களில் பொதுவாகப் பயன்படும் 209, ஷாட்கன் தோட்டாவுக்கென்று பிறந்த பிரைமர். துப்பாக்கி முழுமையாக விலக்குக்குள் வந்தாலும், உரிமம் இல்லாதவரின் மேசையறையில் 209 பெட்டி இருந்தால் குற்றச்சாட்டுக்கு அதுவே போதும். இதை விற்பனைக் கடைகளில் யாரும் சொல்வதில்லை.

இதனால்தான், அடுத்து என்ன வாங்கலாம் என்ற கேள்விக்கு என் பதில் வேட்டைக்காரர்கள் சொல்வதிலிருந்து சற்று மாறுபடும். தூரமும் துல்லியமும் வேண்டுமென்றால் இன்லைன்தான் என்பார்கள். உங்கள் நிலையில் இருப்பவர் வாங்க வேண்டியது சக்கிமுக்கிக் கல்லால் தீப்பற்றும், சுடும் பொறி பக்கவாட்டில் அமைந்த பக்கப்பூட்டுத் துப்பாக்கி. அதில் மாற்றிப் பொருத்தும் குழல் இல்லை, பிரைமரும் இல்லை. கல்லும் கரிமருந்தும் மட்டுமே. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் தொடங்கும் பென்சில்வேனியாவின் மான் பருவத்தில் சக்கிமுக்கித் துப்பாக்கி மட்டுமே அனுமதிக்கப்படுகிறது; .44 அளவுக்குக் குறையக் கூடாது, தொலைநோக்கி பொருத்தக் கூடாது. .50 அளவில் ஒன்று வாங்கினால் அந்தப் பருவத்துக்கும் அக்டோபர் மாத மஸில்லோடர் பருவத்துக்கும் அதுவே போதும். ஈரத்தில் மருந்து தீப்பற்றாமல் ஏமாற்றும், பற்றும்போது முகத்தருகே நெருப்பு எழும், பழக நாளாகும். அவை வேட்டைக்காரரின் கவலைகள், வழக்கறிஞருடையவை அல்ல. 2020இல் வந்த டிரெடிஷன்ஸ் நைட்ரோஃபயர் போன்ற, மருந்துக் குச்சியைப் பின்புறமாக ஏற்றும் புதுவகைகளை ஏடிஎஃப் துப்பாக்கியாகவே கணக்கிடுகிறது என்பதால் அவற்றின் பக்கம் போக வேண்டாம்.

சக்கிமுக்கித் துப்பாக்கி வாங்கும் முன்பே வேட்டை உரிமத்தை வாங்கிவிடுங்கள். இந்த மாநிலத்தில் உரிம ஆண்டு ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை. டிசம்பரில் உரிமத்தோடு நவீன ரைஃபிள் வைத்திருந்தவர், அடுத்த பருவத்துக்கு அக்டோபரில் பார்த்துக்கொள்ளலாம் என்று புதுப்பிக்காமல் விட்டால், ஜூலை முதல் தேதி காலையில் அவர் வீட்டு அலமாரியே அவருக்கு எதிரான சாட்சி. நண்பரின் ரைஃபிளை சுடுதளத்தில் ஒரு நிமிடம் வாங்கிப் பார்ப்பதும் ‘வைத்திருத்தல்’ என்ற சொல்லுக்குள் அடங்கும்.

ஐ-485 படிவத்தில், கைதாகாவிட்டாலும் வழக்குப் பதியாவிட்டாலும் எப்போதாவது ஏதேனும் குற்றம் செய்திருக்கிறீர்களா என்ற கேள்வி இருக்கிறது. ‘இல்லை’ என்பதைக் குறித்துக் கையெழுத்திடும் முன், குற்றவியல் வழக்கறிஞரும் உங்கள் குடிவரவு வழக்கறிஞரும் இந்த விவகாரத்தைப் பற்றி ஒருவரோடொருவர் பேசியிருக்க வேண்டும். துப்பாக்கிக் குற்றத்தில் தண்டிக்கப்பட்டால் நாடுகடத்தலுக்கு அதுவே தனிக் காரணம். கிரீன் கார்டு வந்த பிறகும் அந்த ஆபத்து தொடரும்.

கடைசியாக வேலையிழப்பு. ஹெச்-1பியில் வேலை போனால் கிடைப்பது அதிகபட்சம் 60 நாள் அவகாசம். அது முடிந்து சட்டப்படியான நிலை இல்லாமல் தங்கினால், வேட்டை உரிமம் என்ற விதிவிலக்கு கூட்டாட்சிச் சட்டத்தில் உங்களுக்குக் கிடையாது. பென்சில்வேனியாவின் சட்டமோ, சட்டவிரோதமாக நாட்டில் இருக்கும் அயல்நாட்டவருக்குத் துப்பாக்கியைத் தடை செய்வதோடு, பழங்காலத் துப்பாக்கிக்கான விலக்கையும் அவர்களுக்கு மறுக்கிறது. பயன்படுத்தத் தக்க நிலையில் இருந்தால் சக்கிமுக்கிக் கல் துப்பாக்கியும் குற்றப்பொருள்தான். எனவே பணிநீக்கக் கடிதம் வந்தால், அவகாசம் முடிவதற்குள் துப்பாக்கியை எழுத்துமூலம் ஒரு அமெரிக்கக் குடிமகனுக்கு விற்றுவிடுங்கள்.