தேங்க்ஸ்கிவிங் என்ற அமெரிக்க நன்றி நாளின் முழு வரலாறு தெரிந்த பிறகும் அதைக் குடும்பமாகக் கொண்டாடலாமா?

தாராளமாகக் கொண்டாடலாம். அமெரிக்காவில் பிள்ளை வளர்க்கும் நாங்களும் கொண்டாடுகிறோம். பள்ளிக்கூடக் கதையோடு நிறுத்திக்கொள்வதில்லை, அவ்வளவுதான்.

இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்தவர்களுக்கு அந்த மண்ணின் மக்கள் சோளம் பயிரிடக் கற்றுக்கொடுத்தார்கள், விளைந்ததும் சேர்ந்து விருந்துண்டார்கள், சுபம் என்று அந்தக் கதை முடியும். முழுப் பொய் என்று சொல்ல முடியாது. 1620இல் மேஃபிளவர் கப்பலில் வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் முதல் குளிரிலேயே இறந்துபோனார்கள். மறு வருட அறுவடைக்குப் பிறகு, அவர்கள் குடியேறிய பிளிமத்தில் மூன்று நாள் விருந்து நடந்தது. அந்தப் பகுதிப் பூர்வகுடிகளான வாம்பனோவாக் மக்களின் தலைவர் மாசசோயிட் சுமார் 90 பேரோடு வந்தார். அவர் ஆட்கள் ஐந்து மான்களை வேட்டையாடிக் கொண்டுவந்தார்கள்.

பயிரிடக் கற்றுக்கொடுத்த ஸ்குவாண்டோவைப் பற்றித்தான் மகளிடம் விரிவாகப் பேசினேன். 1614இல் ஓர் ஆங்கிலேய மாலுமி அவரைக் கடத்தி, அடிமையாக விற்க ஸ்பெயினுக்குக் கொண்டுபோனான். அங்கிருந்து தப்பி, இங்கிலாந்து போய், 1619இல் ஊர் வந்து சேர்ந்தால், ஊரே இல்லை. ஐரோப்பியக் கப்பல்களோடு வந்த கொள்ளைநோய் அவருடைய பட்டுக்ஸெட் கிராமத்தைத் துடைத்துப் போட்டிருந்தது. அந்தக் காலி இடத்தில்தான் பிளிமத் எழுந்தது. அங்கே குடியேறியவர்களுக்குத்தான் மனிதர் சோளம் போடக் கற்றுக்கொடுத்திருக்கிறார்!

"அவங்க ஆளுங்க இப்பவும் இருக்காங்களாம்மா?" என்றாள் மகள்.

இருக்கிறார்கள். மாசசூசெட்ஸில் மாஷ்பீ, அக்வின்னா என்ற ஊர்களில் வாம்பனோவாக் மக்கள் இன்றும் வாழ்கிறார்கள். மாசசோயிட்டின் மகன் மெட்டாகாம் காலத்தில், 1675இல், குடியேறிகளோடு பெரும் போர் மூண்டு வாம்பனோவாக்குகள் சின்னாபின்னமானார்கள். 1970 முதல், தேங்க்ஸ்கிவிங் அன்றே பூர்வகுடிகள் பிளிமத்தில் கூடித் துக்க நாள் அனுசரிக்கிறார்கள். இதைச் சொல்லாமல் பிள்ளைகளுக்குக் காகித இறகுக் கிரீடம் மட்டும் செய்து மாட்டிவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. அந்தப் பெரிய இறகுக் கிரீடமே அமெரிக்காவின் நடுப்பகுதிப் புல்வெளிகளில் வாழ்ந்த பழங்குடிகளுடையது, வாம்பனோவாக்குகளுடையது அல்ல.

சரி, அப்புறம் எதற்குக் கொண்டாட்டம் என்கிறீர்களா? நாடு முழுவதற்கும் பொதுவாக இந்த நாளை 1863இல், உள்நாட்டுப் போருக்கு நடுவே, அறிவித்தவர் லிங்கன். அவருடைய பிரகடனத்தில் பிளிமத் விருந்தைப் பற்றி ஒரு வரிகூடக் கிடையாது. நன்றி சொல்வதற்கு அந்தக் கதை கட்டாயமில்லை.

நன்றி சொல்லும் விதத்தை ஹோடனோஷோனி என்ற இன்னொரு பூர்வகுடி மக்களிடம் பார்க்கலாம். எந்தக் கூட்டம் கூடினாலும் முதலில் மனிதர்கள், பூமி, தண்ணீர், மீன்கள், செடிகள், காற்று, சூரியன், நட்சத்திரங்கள் என்று வரிசையாக நன்றி சொல்லிவிட்டுத்தான் மற்ற பேச்சு. அது அவர்கள் மரபு என்பதால் நாங்கள் அப்படியே ஒப்பிப்பதில்லை. அதிலிருந்து ஒரு வழக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டோம்: சாப்பிடும் முன் ஒவ்வொருவரும் மனிதரல்லாத ஏதாவது ஒன்றுக்கு நன்றி சொல்ல வேண்டும். என் கணவர் விசாவுக்குச் சொல்வார். விதிப்படி அதுவும் செல்லும் என்று வாதாடுகிறார்.