தண்ணீர் கொட்டும் கண் எப்படி உலர்ந்த கண்ணாகும்?

கேள்வி: பர்கூரில் தையல் கடை வைத்திருக்கிறேன். வயது 48. ஆறு மாதமாக, மாலையானால் கண்ணில் மணல் விழுந்ததுபோல் உறுத்துகிறது, தண்ணீராக வழிகிறது. மெடிக்கலில் கொடுத்த சொட்டு மருந்தை விட்டால் இரண்டு நாள் நன்றாக இருக்கும். நிறுத்தினால் மறுபடி சிவந்துவிடும். கண் டாக்டர் ஒருவர் ‘கண் உலர்வு’ என்றார். தண்ணீர் வழியும்போது உலர்வு எப்படி வரும் டாக்டர்?

பதில்: அவர் சொன்னது சரிதான் அம்மா. கண்ணீர் வெறும் தண்ணீர் இல்லை. அதன் மேல் மெல்லிய எண்ணெய்ப் படலம் இருக்கும். இமை விளிம்பில் உள்ள சின்னச் சின்னச் சுரப்பிகள் அதைக் கொடுக்கின்றன. அவை அடைத்துக்கொண்டால் கண்ணீர் சீக்கிரம் ஆவியாகி விழி காய்ந்துபோகும். அந்த எரிச்சலில்தான் கண் தண்ணீரைக் கொட்டுகிறது. அது கன்னத்தில் வழியுமே தவிர, விழியில் ஒட்டி நிற்காது.

எனக்குக் கவலை தருவது அந்த மெடிக்கல் சொட்டு மருந்துதான். பாட்டிலில் டெக்ஸாமெத்தசோன், பெட்டாமெத்தசோன் என்று இருந்தால் அது ஸ்டீராய்டு. மாதக்கணக்கில் விட்டால் கண்ணில் அழுத்தம் ஏறி, வலியே இல்லாமல் பார்வை நரம்பு கெடலாம், கண்புரையும் வரலாம். இனி நீங்களாக வாங்கி விடாதீர்கள். பாட்டிலையும் எடுத்துக்கொண்டு இந்த வாரமே கண் அழுத்தம் பார்த்துவிடுங்கள். கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கே போகலாம்.

அப்புறம் உங்கள் வேலை. சாதாரணமாக நிமிடத்துக்குப் பதினைந்து முறையாவது இமைப்போம். ஊசி முனையையே பார்த்துத் தைக்கும்போது அது பாதிக்கும் கீழே போய்விடும். ஒரு ஜாக்கெட் கை தைத்து முடித்ததும் நிமிர்ந்து, கண்ணை முழுசாக மூடி மூடித் திறங்கள். மெஷினுக்குப் பக்கத்தில் டேபிள் ஃபேன் இருந்தால், காற்று முகத்தில் அடிக்காமல் திருப்பி வையுங்கள்.

இரவில் சுத்தமான துணியை இளஞ்சூடான நீரில் நனைத்துப் பிழிந்து, மூடிய இமைமேல் ஐந்து முதல் பத்து நிமிடம் வையுங்கள். ஆற ஆற மறுபடி நனைக்க வேண்டும். மார்கழியில் உறைந்த தேங்காய் எண்ணெய் வெயில் பட்டதும் இளகுமே, அடைத்த எண்ணெயும் அப்படித்தான் இளகும். பிறகு மேல் இமையைக் கீழ்நோக்கியும் கீழ் இமையை மேல்நோக்கியும் மெதுவாக நீவுங்கள். ஒரு நாளில் பலன் தெரியாது. சில வாரம் விடாமல் செய்யுங்கள்.

கார்பாக்ஸிமெத்தில் செல்லுலோஸ் உள்ள செயற்கைக் கண்ணீரை தினமும் நான்கு வேளை விடலாம். அதற்கு மேல் தேவைப்பட்டால், பதப்படுத்தும் பொருள் சேராத வகையைக் கேட்டு வாங்குங்கள். இதிலும் கேட்காவிட்டால் சைக்ளோஸ்போரின் சொட்டு மருந்து, கண்ணீர் வடியும் துளையை அடைக்கும் சிறு அடைப்பான் என்று அடுத்த வழிகள் இருக்கின்றன. அவற்றை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். தாய்ப்பால், தேன், விளக்கெண்ணெய் எதையும் கண்ணில் விடாதீர்கள்.

மாதவிலக்கு நிற்கும் வயதில் இந்தத் தொல்லை கூடும். சளிக்கும் அரிப்புக்கும் போடும் செட்டிரிசின் போன்ற மாத்திரைகளும் கண்ணை உலர்த்தும். வாயும் காய்கிறதா? சோறு விழுங்கத் தண்ணீர் தேவைப்படுகிறதா? காலையில் விரல் மூட்டு பிடித்துக்கொள்கிறதா? இருந்தால் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள், ரத்தப் பரிசோதனை தேவைப்படும். கடும் வலியோ, வெளிச்சம் பார்க்கவே கூசுவதோ, பார்வை மங்குவதோ வந்தால் வாரக்கடைசிவரை காத்திருக்காமல் அன்றே போய்விடுங்கள்.