கேள்வி கேட்டால் நம்பிக்கை குறைந்துவிட்டதா?

தலைவரின் முடிவைப் பற்றிக் கூட்டத்தில் கேட்டதும் "உங்களுக்கு நம்பிக்கை குறைந்துவிட்டது" என்று வாயை அடைத்துவிட்டார்கள் என எழுதியிருந்தீர்கள். கேட்டது தப்பே இல்லை. கேட்ட இடம்தான் இடித்திருக்கும்; எல்லோர் முன்னாலும் கேட்டால் யாருக்கும் முதலில் ரோஷம்தான் வரும்.

பௌத்தத் துறவிகளிடம் பவாரணை என்றொரு வழக்கம் உண்டு. மழைக்காலத் தங்கல் முடியும்போது ஒவ்வொரு பிக்குவும், தன்னிடம் குறை எதையாவது கண்டிருந்தாலோ, கேள்விப்பட்டிருந்தாலோ, சந்தேகப்பட்டிருந்தாலோ சொல்லும்படி சங்கத்தைக் கேட்டுக்கொள்வார். தொடங்கி வைப்பவர் மூத்த பிக்கு. குறை சொல்பவர் துணிச்சலைத் திரட்ட வேண்டியதில்லை, கேட்பவரே கதவைத் திறந்துவிடுகிறார். கத்தோலிக்கத் திருச்சபையும் 1587இல், புனிதர் பட்ட விசாரணையில் எதிர்வாதம் செய்வதற்கென்றே ஒரு பதவியை ஏற்படுத்தியது. (புனிதர் ஆகப்போகிறவருக்கே எதிர்வாதம்! உங்கள் ஆட்களிடம் சொல்லிப் பாருங்கள்.)

சரி, இப்போது தலைவரைத் தனியாகப் பாருங்கள். ஆளை விட்டுவிட்டு முடிவை மட்டும் பேசுங்கள். அதனால் யாருக்கு என்ன சிரமம் என்று சொல்லுங்கள். அப்புறம், மாதம் ஒருமுறை கருத்துக் கேட்கும் நேரம் வைக்கலாமா, அதை அவரே தொடங்கி வைப்பாரா என்று கேளுங்கள். மறுத்தால், உங்களைப் போல நினைக்கும் இரண்டு பேரையாவது சேர்த்துக்கொண்டு எழுத்தில் கொடுங்கள்.